நிச்சயதார்த்தத் திராட்சை

பழத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பதுளைக் கடைவீதியில் எங்கள் அப்பா விட்டுப்போன பழக்கடையில், கல்லாவில் தொப்பையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் அண்ணன் சுந்தரலிங்கம். அழுகலைப் பொறுக்குவது, அடுக்குவது, ருசி பார்க்கிறேன் என்று அரைச் சீப்பு வாழைப்பழத்தை முழுங்கும் ஜென்மங்களை விரட்டுவது எல்லாம் நான்தான். ராமலட்சுமி என்று பெயர். கடைவீதியில் எனக்கு வேறு பெயரும் உண்டு, அதை வைத்தவன் என் முன்னால் சொல்லட்டும், பார்க்கலாம்.

எழுபத்து நாலாம் வருஷம். வெளிநாட்டுப் பழம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம். ஆப்பிளைக் காலண்டரில்தான் பார்க்கலாம். எங்கள் கடையில் வாழைப்பழம், பப்பாளி, பிபிலையிலிருந்து வரும் தோடம்பழம் என்கிற ஆரஞ்சு, அவ்வளவுதான். திராட்சை வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி, பொல்கஹவெலையில் ரயில் மாறி, மலையேறி பதுளைக்கு வரவேண்டும். வந்து சேரும்போது பாதி ரசமாகியிருக்கும்.

அந்த வருஷம்தான் எனக்கு மூன்றாவது முறையாகச் சம்பந்தம் பேசினார்கள். முதல் இரண்டு வீட்டாரும் எங்கள் வடையைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். ஒரு வீட்டாருக்கு என் நிறம் பிடிக்கவில்லை, இன்னொரு வீட்டாருக்கு என் வாய் பிடிக்கவில்லை. எனக்கு முப்பதாகப் போகிறது, இதுவும் தட்டிப்போனால் அண்ணன் என்னைப் பழக்கூடைகளோடு சேர்த்துக் கணக்கெழுதி மூலையில் வைத்துவிடுவான். ஆனால் மூன்றாவதாக வந்த சண்முகராஜாவை எனக்கே பிடித்துவிட்டது. அதுதான் வம்பு.

அவர் பசறைப் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அந்த ஜனங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஃபேக்டரியை அங்கே ஸ்டோர் என்பார்கள். கொழுந்து வந்து தூளாகிப் பெட்டிக்குள் போகிறவரை ஸ்டோரில் அவர் வைத்ததுதான் சட்டம். நெடுநெடுவென்று வளர்த்தி, இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் வந்தால் தேயிலை வாசம். பெண் பார்க்க வந்த அன்று, 'பாடத் தெரியுமா' என்று கேட்காத முதல் ஆள் அவர். அதற்காகவே கழுத்தை நீட்டலாம் என்று தோன்றியது.

அவருடைய அம்மா வடிவம்மா லேசுப்பட்டவள் இல்லை. பேச்சு முடிந்து வெற்றிலை மடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"பழக்கடை வீட்டுல பொண்ணு எடுக்கிறோம். நிச்சயதார்த்தத் தட்டுல வாழைப்பழத்த வச்சு நீட்டினா எங்க சனம் சிரிக்கும். எங்க பெரியவனுக்குப் பொண்ணு வீட்டுல திராட்சை வச்சாங்க. குலை குலையா வச்சாங்க."

பெரியவனுக்கு வைத்தது கப்பலில் பழம் வந்த காலத்தில். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அண்ணன் என் காலை மிதித்தான்.

"அதுக்கென்னங்க, வச்சிருவோம்" என்றான். அவனுக்கு என்ன, சொன்னால் போதும்.

திராட்சையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அஸீஸ் நானா. கடைவீதியில் யாழ்ப்பாணத்துப் பழம் எடுக்கிற ஆள் அவர் ஒருவர்தான். மரப்பெட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி எங்கள் கடைப் பின்னறையில் இறக்கினார். வைக்கோலை விலக்கினால், கருநீலத்தில் கொழுகொழுவென்று குலைகள், மேலே திருநீறு தூவியது போல வெள்ளை.

"தங்கச்சி, இந்த வெள்ளையத் தொடச்சிராதீங்க" என்றார். "இது தூசியில்ல. பழத்துக்கு அல்லா போட்டுவிட்ட சட்டை. சட்டையக் கழட்டினா செத்துரும். தண்ணி காட்டக் கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாது. தூக்கினா காம்பத்தான் புடிக்கணும். ஒரு பழம் கெட்டா கத்திரிக்கோலால நறுக்கி எறிஞ்சிருங்க, இல்லாட்டி அது பக்கத்து வீட்டையும் கெடுத்துரும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமா நானா?"

"ஞாயித்துக்கிழமைக்கு என்ன, தாராளமா. அதுக்கு மேல என்னைய கேக்காதீங்க. இந்தப் போகத்துல இதுதான் கடைசி வெட்டு. இனி கேட்டாலும் கெடைக்காது."

மறுநாளே ஹப்புத்தளையில் வடிவம்மாவின் தூரத்துப் பங்காளி ஒருவர் செத்துப்போனார். நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல மனுஷர் என்றால் திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கலாம் இல்லையா? தீட்டு வந்துவிட்டது. நிச்சயதார்த்தம் அடுத்த வாரத்து முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போனது. மனிதர்களுக்குத் தள்ளிப்போடலாம், திராட்சைக்கு யார் போய்ச் சொல்வது?

அடுத்து வந்த நாட்களில் பதுளையில் எத்தனை பழ டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அரிசிப் பானைக்குள் புதைத்து வை என்றார் ஒருவர். ஐஸ் கட்டி மேல் படுக்கப் போடு என்றார் இன்னொருவர். அண்ணன் யாரோ சொன்னதைக் கேட்டுக் கந்தகம் வாங்கி வந்து, சட்டியில் போட்டுக் கொளுத்திவிட்டான். புகை போட்டால் பூஞ்சணம் பிடிக்காதாம். அளவு ஒன்று இருக்கும்தானே? கடைக்குள் தீபாவளி நடந்த மாதிரி ஆகிவிட்டது. நான் இருமிக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன், அவன் சாமிப் படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கடைசியில் என் வழிக்குத்தான் வந்தார்கள். பின்னறைச் சிமெண்டுத் தரையில் துணி விரித்துக் குலைகளைத் தனித்தனியாகப் படுக்க வைத்தேன். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். காலையில் கத்திரிக்கோலோடு போய் உட்கார்ந்து, வெடித்ததையும் நசுங்கியதையும் நறுக்கி எடுப்பேன். ஆனாலும் பதுளைச் சூடு பதுளைச் சூடுதான். மதியமானால் அறைக்குள் புளித்த வாடை லேசாக எட்டிப் பார்க்கும். பழம் போனால் வடிவம்மா முகத்தைச் சுளிப்பாள், சுளித்தால் இந்த ஆளும் போய்விடுவார். என் கல்யாணம் காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில்தான் சண்முகராஜாவே ஒரு நாள் கடைக்கு வந்தார். அண்ணனுக்குக் கை கால் ஓடவில்லை. சோடா வாங்கப் போகிறேன் என்று கடையை விட்டே ஓடிவிட்டான். பின்னறையில் நானும் அவரும் தரை முழுக்கத் திராட்சையும். வாசலில் அஸீஸ் நானா, காவலுக்கு நிற்கிற மாதிரி, பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வச்சா தாங்காதுங்க" என்றார் சண்முகராஜா. "எங்க ஸ்டோர் மாடியில ராவானா குளிரு எலும்பக் குத்தும். ஃபேன் வேற ஓடும். ஒரு மூலையில பரப்பி வச்சா அப்படியே இருக்கும்."

"கொழுந்து வாட்டுற மாடியிலயா? எதையும் வாட வைக்கத்தான அந்த மாடிய கட்டியிருக்காங்க?"

அவர் சிரித்தார். கோபப்படாமல் சிரித்தார் என்பதை நான் கவனித்தேன். "வெயில் காலத்துல சூடில்லாத பச்சைக் காத்துதான் விடுவோம். மழை பேஞ்சு கொழுந்து நனைஞ்சு வந்தாத்தான், கீழ தேயிலை காய வைக்கிற அடுப்புச் சூட்ட மாடிக்கு தொறந்து விடுறது. இப்ப மழை ஏது? அப்படியே பேஞ்சாலும் நான் இருக்கேன்ல."

சொல்லிக்கொண்டே ஒரு குலையைத் தூக்கினார். காம்பைப் பிடித்துத் தூக்கினார், வெள்ளை கலையாமல். அஸீஸ் நானா சொல்லிக் கொடுக்காமலே. போச்சு, அங்கேயே விழுந்துவிட்டேன். உலகத்தில் பெண்கள் எதையெதையோ பார்த்து விழுகிறார்கள், நான் ஒரு ஆள் திராட்சை தூக்குகிற அழகைப் பார்த்து விழுந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

"காம்பு காஞ்சிரும் மாப்பிள்ளை" என்றார் நானா வாசலிலிருந்து. "மேல ஈரத் துணி கட்டி விடுங்க, பழத்துல படாம."

அப்படியே செய்கிறேன் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் அப்படி மழையை நான் பார்த்ததில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். மழை பெய்தால் குளிரும், குளிர்ந்தால் பழம் நிற்கும் என்று கணக்குப் போட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் வேறு நேர்ந்துகொண்டேன். அந்தத் தேங்காயை நான் இன்னும் உடைக்கவில்லை, உடைக்கப் போவதும் இல்லை.

மறுநாள் காலை அவர்கள் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். நான் அறைக்குள் பட்டுச்சேலையில் உட்கார்ந்து, திரை இடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிவம்மா வந்தாள், சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள், சண்முகராஜா வந்தார். கடைசியாக ஒரு ஆள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். ஐம்பது வயதிருக்கும். பழைய கோட்டு, தலைத்துண்டு கக்கத்தில்.

பெட்டியை நடுக்கூடத்தில் வைத்து அண்ணன் துணியை விலக்கினான். அப்புறம் அவன் நிமிரவே இல்லை. விசேஷத்துக்கு வந்திருந்த அஸீஸ் நானா எட்டிப் பார்த்துவிட்டு, "யா அல்லா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காம்பெல்லாம் விளக்குமாற்றுக் குச்சி. பழமெல்லாம் சுருங்கி, நாள் முழுக்கத் துணி துவைத்த விரல் போலச் சுருக்கம் விழுந்திருந்தது. அண்ணன் ஒரு குலையைத் தூக்கியதும் பாதிப் பழம் பொலபொலவென்று கழன்று பெட்டிக்குள் கொட்டியது.

"இவன் பண்ணின வேலை" என்றார் சண்முகராஜா, வாசலைக் காட்டி. "எங்க மாடியில வேலை செய்யிற ரெங்கசாமி. கேக்காம கொள்ளாம சூட்ட தொறந்து விட்டுட்டான். இன்னைக்குக் காலையிலயே வேலைய நிப்பாட்டிட்டேன். அவன் வாயாலயே சபையில சொல்லட்டும்னுதான் கையோட கூட்டியாந்தேன்."

"நல்ல காரியம் செஞ்ச" என்றாள் வடிவம்மா.

ரெங்கசாமி படியிலிருந்தே கையைக் கூப்பினார். "தப்புத்தாங்க. மன்னிச்சுக்கங்க."

ஒரு நல்ல காரியத்துக்கு வந்த வீட்டில், வயதான மனிதரைப் பெட்டியும் சுமக்க வைத்து, வேலையையும் பிடுங்கி, மன்னிப்பும் கேட்க வைக்கிறார்கள். எனக்குக் காது சுட்டது. கல்யாணப் பெண் கூப்பிடாமல் வெளியே வரக்கூடாதாம். வந்தேன்.

"ரெங்கசாமியண்ணே, உள்ள வாங்க" என்றேன். "என்ன நடந்துச்சு? கோவத்துல கேக்கல. பழம் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அவர் உள்ளே வரவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, வேலையில் கேட்டால் சொல்வார்களே, அந்தக் குரல்.

"மழை பேஞ்சிச்சுங்களா. கொழுந்து சொட்டச் சொட்ட வந்திச்சு. மழைன்னா சூடு தொறக்கணுங்க, நான் ஸ்டோருக்கு வந்ததுல இருந்து அதான் வேலை. பழம் இருக்கேன்னு தொறக்கல. ஐயாகிட்டப் போய் கேட்டேன். 'கொழுந்து பாழாப்போனா தோட்டத்துத் தொரைகிட்ட யாரு பேச்சு வாங்குறது, தொற'ன்னாரு. பழத்த எறக்கிடவான்னு கேட்டேன். 'அதுக்கு ஒண்ணும் ஆவாது, நீ வேலையப் பாரு'ன்னாரு. தொறந்துட்டேங்க."

நான் சண்முகராஜாவைப் பார்த்தேன்.

"அப்படி நான் சொல்லல" என்றார். பெட்டியை ஒரு தடவை பார்த்தார். "அப்படியே சொல்லியிருந்தாலும் இவனுக்குப் புத்தி வேணாமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், பழம் போனது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. 'ஆமா, நான்தான் தொறக்கச் சொன்னேன், கொழுந்தப் பாத்தேன், பழத்த மறந்துட்டேன்' என்று அந்த மனிதர் சொல்லியிருந்தால், நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்தச் சுருங்கிய சனியன்களையே தட்டில் குவித்து, திராட்சை வத்தல், பாயசத்துக்கு ஆகும் என்று வடிவம்மா முன்னால் நீட்டியிருப்பேன். சொல்லமாட்டாரா, இப்போதாவது சொல்லமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார்.

"சரி விடுங்க" என்றாள் வடிவம்மா. "போனது பழந்தான? கூலிக்காரன் பேச்சையெல்லாம் சபையில வச்சுக்கிட்டு. நல்ல நேரம் போகுது, தட்ட மாத்துங்க."

"ஆமாங்க, ஆமாங்க" என்றான் அண்ணன். ஓடிப்போய் வாழைப்பழச் சீப்பு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தான். அதுவரை திராட்சை இல்லாவிட்டால் மானம் போகும் என்றவர்கள், இப்போது வாழைப்பழத்துக்குத் தலையாட்டினார்கள். பொய்யைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை போட எல்லோரும் தயாராகிவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தட்ட வைங்கண்ணே" என்றேன். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

அதற்கப்புறம் நடந்ததை முழுசாகச் சொன்னால் அச்சில் ஏற்ற முடியாது. வடிவம்மா என் வாயைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் உண்மை என்றாள். முன்னால் வந்த இரண்டு வீட்டாரும் புத்திசாலிகள் என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை, அவள் பங்காளி செத்த நேரத்தைப் பற்றி ஒன்று சொன்னேன், அது கொஞ்சம் அதிகம்தான். சண்முகராஜா காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போதுகூட என் பாழாய்ப்போன கண் அவர் முதுகைத்தான் பார்த்தது.

கார் போனதும் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "அடிப் பாவி, யாரோ ஒரு கூலிக்காரனுக்காகவா இந்த எடத்த விட்ட?"

"அவருக்காக இல்ல, எனக்காகத்தான்" என்றேன். அழுகை வந்துவிட்டது, பட்டுச்சேலையில் மூக்கைச் சிந்தினேன், போகட்டும் என்று சிந்தினேன். அஸீஸ் நானா மட்டும் பெட்டியருகில் உட்கார்ந்து ஒரு பழத்தை வாயில் போட்டு, "இனிப்பு கெட்டுப்போகல தங்கச்சி" என்றார். பாவம், ஆறுதல் சொல்ல அவருக்கு வேறு என்ன தெரியும்?

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். ரெங்கசாமி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அவரை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள், அல்லது வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். உள்ளே வரச்சொல்லி, நாற்காலி போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து குடித்தார்.

"பஸ்ஸுக்கு நேரமிருக்குங்களா?" என்று கேட்டார்.

"இருக்கு. உங்க வேலைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"சங்கத் தலைவர்கிட்ட சொல்லிட்டுத்தாங்க வந்தேன். நாளைக்குத் தொரைகிட்ட பேசுவாங்க. கேக்கலன்னா மலையில யாரும் கொழுந்து எடுக்க மாட்டாங்க. ரெண்டு மூணு நாளுல திருப்பி எடுத்துருவாங்க." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் ஆவாதுங்க. நீங்க ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? எவ்வளவு பெரிய எடம்."

"நாளைக்கு அவரு சொன்னபடியே நான் செஞ்சு, அது கெட்டுப்போயி, என்னையும் இப்படி சபையில நிறுத்துவாருல்ல, அன்னைக்கு நான் யாருகிட்டப் போறது?" என்றேன். "உங்களுக்காச்சும் சங்கம் இருக்குண்ணே."

அவர் கோப்பையை மறுபடி எடுத்து, மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"அது சரிதாங்க" என்றார்.